கொழும்பிலிருந்து கிரேட் வெஸ்டர்ன் உச்சிக்கு: நண்பரும் நாயும் சேர்ந்து ஏற ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீரன் பதினெட்டுக் கிலோ எடையுள்ள நாட்டு நாய். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவன். அவனோடும் என் நண்பனோடும் மலைநாட்டில் ஏறத் தொடங்கிய பிறகு, தங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வர ஆசைப்பட்ட பலர் எங்களுடன் வந்திருக்கிறார்கள். பாதி வழியில் திரும்பியவர்களில் பெரும்பாலோர் வேலைகளை வரிசை மாற்றிச் செய்தவர்கள். மலையையும் நாளையும் முதலில் முடிவு செய்துவிட்டு, நாயைப் பற்றிக் கடைசியில் யோசித்தார்கள்.

நுவரெலியா மாவட்டத்திலுள்ள கிரேட் வெஸ்டர்ன் மலையில் ஏறக் கீழே நான் தரும் வரிசை நாயிலிருந்து தொடங்குகிறது. மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் நில் என்று வாய்திறந்து சொல்ல முடியாதது உங்கள் கூட்டத்தில் அது ஒன்றுதான். ஆகவே வேகம், நேரம், பாதை மூன்றையும் அதற்கே விட்டுக்கொடுங்கள்.

1. முதலில் நாயை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்

இதைக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பு செய்ய வேண்டும். தடுப்பூசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியும், எலிக்காய்ச்சலையும் சேர்த்துத் தடுக்கும் வருடாந்த ஊசியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கான்களில் (வடிகால்களில்) தேங்கும் நீர் எலிக்காய்ச்சலுக்கு ஏற்ற இடம். உண்ணிக்கான மருந்தையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

எல்லா நாயும் மலை ஏறாது. பக், புல்டோக், ஷீட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு உடல் சூட்டை மூச்சு வழியாக வெளியேற்றும் வசதி குறைவு. அவற்றை வீட்டில் விடுங்கள். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட பெரிய இன நாய்களுக்கு மூட்டுகள் இன்னும் உறுதிப்பட்டிருக்காது. வயது முதிர்ந்த லாப்ரடோர் ஏறிவிடும். ஆனால் இறங்கும்போது இடுப்பு விட்டுவிடும். பெண் நாய் பருவத்தில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றியுள்ள நாய்கள் கூட்டமாகப் பின்தொடரும். அந்த நாள் முழுவதும் கம்போடுதான் நடக்க வேண்டியிருக்கும்.

2. மலையைத் தேர்ந்தெடுத்தல்

உயரமான மலைகளின் பட்டியலை எடுத்து மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் முடிவு தானாக வரும். 2524 மீட்டர் உயரமான பேதுருதாலகாலவின் உச்சி பாதுகாப்புப் படையினரின் வசம் இருக்கிறது. அங்கே நடந்து ஏற முடியாது. கிரிகல்பொத்தையும் தொட்டுபொலகந்தையும் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. தேசியப் பூங்காவுக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோகக் கூடாது. இதை அறியாமல் நாயோடு வாசல் வரை வந்து, ஒருவர் வான் வண்டியில் காத்திருக்க மற்றவர் மட்டும் உள்ளே போன கதை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

2243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலையை நான் பரிந்துரைப்பதில்லை. டிசம்பர் பூரணையிலிருந்து வெசாக் பூரணை வரையான யாத்திரைக் காலத்தில் கூட்டம் நெருக்கும். நான்கு மதத்தவரும் வணங்கும் இடத்துக்கு நாயை இழுத்துக்கொண்டு போவது அவர்களுடைய பக்திக்கு இடைஞ்சல். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏறினால் 5000க்கும் மேற்பட்ட படிகள். அத்தனை படிகளை ஒரே நாளில் இறங்குவது நாயின் முன்னங்கால் மூட்டுகளை வதைக்கும்.

மிஞ்சுபவற்றில் நமுனுகுலவும் கிரேட் வெஸ்டர்னும் 2000 மீட்டரைத் தாண்டியவை. கிரேட் வெஸ்டர்ன் 2200 மீட்டருக்குச் சற்று மேல். நான் அதைத் தேர்வதற்குக் காரணம் பாதையின் அமைப்பு. தோட்டத்தின் வழியாக நீண்ட நடை, பிறகு காடு, கடைசியில் செங்குத்து என்று கடினம் படிப்படியாகக் கூடுகிறது. நாய் தளர்ந்தால் எந்தக் கட்டத்திலும் திரும்பிவிடலாம்.

3. நண்பரோடு பேசி முடிக்க வேண்டிய மூன்று விடயங்கள்

நாயோடு தனியாகப் போகவே கூடாது. நாய்க்குக் காலில் அடிபட்டால் ஒருவர் நாயைத் தூக்க வேண்டும். மற்றவர் இரண்டு பைகளையும் சுமக்க வேண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட நாயென்றால் இருவரும் சேர்ந்துதான் தூக்க முடியும்.

முதலாவது, திரும்பும் நேரம். நாங்கள் வைத்திருப்பது பகல் பன்னிரண்டு மணி. உச்சி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுவோம். பிற்பகலில் மூடுபனி இறங்கும், மழை வரும், சறுக்கும். இதைக் கீழேயே பேசிக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு ஆசை பேசும்.

இரண்டாவது, நாயின் கயிறு யார் கையில். ஒரு நேரத்தில் ஒருவர்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டால் நாய் குழம்பி நடுவில் பாயும்.

மூன்றாவது, யாராவது ஒருவர் ‘போதும்’ என்றால் மூவரும் திரும்புவது. காரணம் கேட்கக் கூடாது.

4. கொழும்பிலேயே ஆறு வாரப் பழக்கம்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மாடி வீட்டில் வளரும் நாயின் பாதம் மென்மையானது. பளிங்குத் தரையில் நடந்த பாதம் கல்லில் இரண்டு மணி நேரம் நடந்தால் தோல் உரிந்துவிடும். எனவே முதல் இரண்டு வாரங்கள் காலை ஐந்தரை மணிக்கு வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரையில் மணலிலும் சரளையிலும் மாற்றி மாற்றி நடக்கவிடுங்கள். ஏழரைக்கு மேல் வேண்டாம். தார் வீதியில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக் கூடாது. ரயில் தண்டவாளத்தின் அருகே கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் மாடிப்படிகள். கொழும்பில் நமக்கு மலை இல்லை. ஆனால் பத்து மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. நாயோடு ஏறுங்கள், இறங்கும்போது மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள். ஏற்றம் நெஞ்சையும் தசையையும் பலப்படுத்துகிறது. படியில் திரும்பத் திரும்ப இறங்குவது மூட்டைத் தேய்க்கிறது. உங்கள் பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு ஏறினால் உங்களுக்கும் பயிற்சி ஆகிவிடும்.

ஐந்தாம் வாரம் ஒரு சிறு மலை. கேகாலை மாவட்டத்தில் மாவனெல்லைக்கு அருகே உள்ள பத்தலேகல 798 மீட்டர்; ஒரே நாளில் போய் வரலாம். உச்சி தட்டையானது, விளிம்பு செங்குத்தானது. அதனால் கயிறு கையில் இருக்கட்டும். அன்று நீங்கள் கவனிக்க வேண்டியது நாயின் மூச்சு. நிழலில் நின்றால் பத்து நிமிடத்துக்குள் இரைப்பு தணிகிறதா? தணிந்தால் பெரிய மலைக்குத் தயார். அரை மணி நேரமாகியும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் ஒரு மாதம் பழக்குங்கள்.

ஆறாம் வாரம் ஓய்வும் மெதுநடையும் மட்டும். மார்புப் பட்டி புதிதாக வாங்கியிருந்தால் இதற்கு முன்பே பல நாட்கள் அணிவித்திருக்க வேண்டும். எங்களோடு வந்த ஒருவர் மலையடிவாரத்தில்தான் புதுப் பட்டியை உறையிலிருந்து எடுத்தார். மூன்று மணி நேரத்தில் நாயின் முன்னங்கால் இடுக்குத் தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது. பாவம், அது ஒரு முனகல்கூட இல்லாமல் நடந்து வந்திருந்தது.

இன்னும் ஒன்றைப் பழக்குங்கள்: தூக்கிச் செல்வது. ஒரு சாரத்தை (லுங்கியை) நீளவாக்கில் மடித்து நாயின் வயிற்றுக்கும் மார்புக்கும் அடியில் கொடுத்து, இருவரும் இரு பக்கம் பிடித்து வீட்டுக்குள்ளேயே பத்து அடி நடந்து பாருங்கள். வலியில் இருக்கும் நாய், பழக்கமில்லாத பிடிக்கு அஞ்சிக் கடிக்கும். பழகிய பிடிக்குப் பணியும்.

5. நாள், அனுமதி, தங்குமிடம்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்த மேற்குச் சரிவுகளில் நேரே அறையும். ஏப்ரலில் காலை தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடி மின்னல் கூடும்.

பாதை தோட்டத்தின் ஊடாகப் போவதால் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். மேலே உள்ள காட்டுக்கு வனத் திணைக்களத்திடம் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ‘நாயும் வருகிறது’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். விடுதிக்கும் அப்படித்தான். போய் இறங்கிய பிறகு நாயைக் கண்டு முகம் சுளிக்கும் விடுதிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தோட்டத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். நியாயமான கூலியை முதலிலேயே பேசிக் கொடுங்கள். தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதைகள் பத்துத் திசையில் பிரியும். எது காட்டுக்குப் போகிறது, எது தண்ணீர்த் தொட்டியோடு நின்றுவிடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

6. பையில் இருக்க வேண்டியவை

தண்ணீரை முதலில் கணக்கிடுங்கள். நாய்க்கு வழக்கமான நாளில் ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லிலீட்டர் தேவை. ஏறும் நாளில் அதை இரட்டிப்பாக்கினால், இருபது கிலோ நாய்க்கு இரண்டு லீட்டருக்கு மேல். உங்களுக்கு ஆளுக்கு மூன்று லீட்டர். நாயின் தண்ணீரை இரண்டு பையிலும் பிரித்து வையுங்கள். முதல் பயணத்தில் எல்லாவற்றையும் நண்பனின் பையில் வைத்தேன். மூடுபனியில் அவன் முன்னால் போய்விட்டான். முக்கால் மணி நேரம் வீரனுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு சொட்டும் இல்லை.

அடுத்தது மருந்துப் பை: கட்டுத் துணி, ஒட்டுப் பிளாஸ்டர், உப்பு நீர்க் கரைசல், முள் வாங்கி, சிறுவர் காலுறை நான்கு. பாதம் கிழிந்தால் கட்டுத் துணிக்கு மேல் காலுறையை மாட்டி ஒட்டிவிடலாம். பரசிட்டமோல், இபுபுறூபன் போன்ற நம்முடைய வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது; ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இரண்டு மீட்டர்க் கயிறு ஒன்று, மாற்றாக இன்னொன்று. இழுத்தால் நீளும் சுருள் கயிறு வேண்டாம். தேயிலைச் செடியில் சிக்கி அறுந்துவிடும். சாரம், துவாய், மழைச்சட்டை, டோர்ச், தடுப்பூசி அட்டை. நாய்க்கு வேகவைத்த கோழியும் சோறும் போதும். நீங்கள் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியையும் சம்பலையும் அதற்குப் பங்கு வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். சொக்லேட்டும் முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) நஞ்சு.

குளிருக்கும் ஆயத்தம் வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை குறையும். கொழும்பில் 30 பாகை என்றால் உச்சியில் 15, 16. நனைந்த நாய் அந்தக் காற்றில் நடுங்கும், துவாய் அதற்குத்தான்.

7. கொழும்பிலிருந்து பயணம்

பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். ரயில் பெட்டியிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியாது. கார் அல்லது வாடகை வான்தான் வழி. சாரதியிடம் நாய் இருப்பதைச் சொல்லிப் பேசுங்கள்.

ஏறும் நாளுக்கு முந்திய நாள் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படுங்கள். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று போகும் பாதை இது. கித்துல்கலைக்கு அப்பால் வளைவுகள் தொடர்ந்து வரும். வயிறு நிறைந்த நாய் நிச்சயம் வாந்தி எடுக்கும். எனவே புறப்படுவதற்கு ஐந்து மணி நேரத்துக்கு முன்பே உணவை முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நடக்கவிடுங்கள். நீங்கள் தேநீர் குடிக்கப் போகும்போது கண்ணாடியை மூடிய வாகனத்தில் நாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவிசாவளை வெயிலில் பத்து நிமிடமே ஆபத்து.

அதே நாளில் ஏறத் தொடங்குவது பெரும் பிழை. வளைவுப் பாதையில் நான்கைந்து மணி நேரம் உடலை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்த நாய், நடக்கும் முன்பே களைத்திருக்கும்.

8. தோட்டத்துக்குள்

பலர் சூரியோதயம் பார்க்க நள்ளிரவுக்குப் பின் ஏறுகிறார்கள். நாயோடு அது வேண்டாம். மலைநாட்டுத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாய் அதற்கு எளிதான இரை. வெளிச்சம் வந்த பின், ஆறேகாலுக்கு கிரேட் வெஸ்டர்ன் ரயில் நிலையப் பக்கமிருந்து நடையைத் தொடங்குங்கள். அதற்கு மூன்று மணி நேரம் முன்பே நாய்க்குச் சிறிதளவு உணவு கொடுத்திருக்க வேண்டும். வயிறு நிறைய உண்டு உடனே ஓடினால், ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும். அது உயிரைக் குடிக்கும் நோய்.

லயங்களைக் கடக்கும்போது கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். வாசலில் கோழி மேயும், பிள்ளைகள் ஓடிவருவார்கள், அங்குள்ள நாய்கள் தங்கள் எல்லையைக் காக்கும். நின்று முறைக்காமல், நாயை உங்களுக்கும் நண்பருக்கும் நடுவில் விட்டு ஒரே வேகத்தில் நடந்துவிடுங்கள்.

கொழுந்து பறிக்கும் அம்மாக்களைக் கண்டால் வணக்கம் சொல்லி, “அம்மா, இந்த மலையில குளவி இருக்கா?” என்று கேளுங்கள். இதைவிடப் பயனுள்ள கேள்வி அன்றைக்கு வேறு இல்லை. குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போகும் தொழிலாளர்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். கூடு எந்தச் செடியடியில் என்று அவர்கள் அறிவார்கள். செடிக்குள் மூக்கை நுழைக்கும் நாய் கூட்டைக் கலைத்தால், கொட்டு வாங்குவது நீங்கள் மட்டுமல்ல, பக்கத்தில் பறித்துக்கொண்டிருப்பவர்களும்தான். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் நாம் விருந்தாளிகள்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய (கிளை கத்தரித்த) மலைக்குள் நாயை இறக்க வேண்டாம்; வெட்டு முனைகள் வயிற்றைக் கிழிக்கும். மருந்து அடித்த இடத்தைத் தாண்டினால் உடனே பாதத்தைக் கழுவுங்கள், நாய் நக்குவதற்குள்.

ஓடையருகே நாய் மலம் கழித்தால் எடுத்து உறையில் போட்டுக்கொள்ளுங்கள். பல லயங்களுக்குக் குடிநீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி வருகிறது.

9. காடும் உச்சியும்

கடைசித் தேயிலை வரிசையில் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் கொடுத்து, நான்கு பாதங்களையும் விரித்துப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கடுஞ்சிவப்பாக இருந்தாலோ எச்சில் தடித்துத் தொங்கினாலோ ஏற்றம் இத்தோடு முடிந்தது.

காட்டுக்குள் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்குகள் தோட்ட எல்லைகளில் இருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்றே அத்தகைய சுருக்கில் சிக்கி, பிறகு இறந்துபோனது. நாயின் கழுத்து எம்மாத்திரம்?

வேரைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்துகளில் ஒருவர் மேலே போய்க் கயிற்றை வாங்க, மற்றவர் கீழிருந்து பின்னுடலைத் தாங்குங்கள். கயிறு மார்புப் பட்டியில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டியில் மாட்டி இழுத்தால் மூச்சுக்குழல் நெரியும். நாயைத் தூக்கி ஏற்றும் ஒவ்வொரு இடத்திலும் அதைத் தூக்கி இறக்கவும் வேண்டியிருக்கும். பாறை ஈரமானாலும் இங்கே இறக்க முடியுமா என்று நண்பரைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அதுதான் அன்றைய உச்சி.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சிறிது தண்ணீர் கொடுங்கள். தேங்கிய நீரை நக்கவிடாதீர்கள்; அதிலுள்ள அட்டை மூக்குக்குள் ஏறித் தங்கிவிடும்.

மேலே சேர்ந்ததும் மூடுபனி விலகினால் நானுஓயாப் பக்கமும் தலவாக்கலைப் பக்கமும் விரிந்து கிடக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கயிற்றை ஒருவர் பிடித்திருக்கட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; வியர்வை ஆறியதும் குளிர் பிடிக்கும், நாயின் தசை இறுகும்.

10. இறக்கம்

இறங்கும்போது கயிற்றை இடுப்பில் கட்டாதீர்கள். நாய் ஒரு முயலைக் கண்டு பாய்ந்தால் நீங்களும் சேர்ந்து உருளுவீர்கள். கையில் பிடியுங்கள்; தேவையானால் விட்டுவிடக்கூடிய பிடியாக இருக்கட்டும். நண்பர் முன்னால் இறங்க, நாய் அவர் பின்னால், கயிறு உங்கள் கையில். முன்னால் ஆள் இருந்தால் நாய் வேகத்தைக் குறைக்கும்.

அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் தோலோடு சேர்த்து வழித்துவிடுங்கள். நாம் காலில் பூசும் தைலத்தை நாய்க்குப் பூச வேண்டாம், நக்கிவிடும்.

11. ஏதாவது நேர்ந்தால்

நாய் தள்ளாடினால் நிழலில் படுக்கவைத்து, வயிறு, தொடை இடுக்கு, பாதங்களில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி வைக்காதீர்கள். சூடு உள்ளே அடைபடும். குளவி கொட்டி முகம் வீங்கினால் தாமதிக்காமல் இறங்குங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மனிதருக்கு அம்பியூலன்ஸ் வேண்டுமென்றால் 1990, இலவசம். நாய்க்கு அத்தகைய எண் இல்லை. நுவரெலியாப் பக்கத்து மிருக வைத்தியர் ஒருவரின் எண்ணைப் புறப்படும் முன்பே எடுத்து வையுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது.

12. வீடு திரும்பிய பின்

அன்றிரவே காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி தேடுங்கள். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி நன்றாகத் துவட்டுங்கள். இரண்டு நாட்கள் மாடிப்படி வேண்டாம். மின்தூக்கியில் கூட்டிப் போங்கள்.

அடுத்த மூன்று வாரங்கள் கவனமாக இருங்கள். நாய் உண்ண மறுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் இரத்தம் வந்து, அடிக்கடி தும்மினால், உள்ளே அட்டை இருக்கக்கூடும். வைத்தியரிடம் போனதும் நாய் மலைக்குப் போய் வந்ததையும் எந்தத் திகதியில் என்பதையும் முதலில் சொல்லுங்கள். கொழும்பில் மூக்கில் இரத்தத்தோடு வரும் நாய்க்கு அட்டையைத் தேட வேண்டும் என்பது சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.